மறைக்குறி பெற்ற நுரை: புவாசோன் விகிதத்தின் வரலாற்றில் ஒரு திருப்பம்

விஞ்ஞான வரலாற்றில் தக்க கருவிகள் இன்மையால் தாமதமுற்ற கண்டுபிடிப்புக்கள் பல உள. அவற்றோடு ஒப்பிடுமிடத்து, கருவிகள் அனைத்தும் கைவசம் இருந்தும், தேட வேண்டும் என்ற எண்ணம் எழாமையால் தாமதமுற்றவை சிலவே. இவ்விரண்டாம் வகைக்குத் தக்க சான்றாக அமைவது, ஒரு பக்கம் நெருக்கும்போது மற்றைப் பக்கங்களிலும் உள்வாங்கிச் சுருங்குவதும், ஒரு பக்கம் இழுக்கும்போது மற்றைப் பக்கங்களிலும் விரிவதுமான பல்பகுதிய நுரையின் வரலாறாகும். 1987ஆம் ஆண்டில் இந்நுரை முதன்முதல் ஆக்கப்பட்டபோது, அதற்குத் தேவைப்பட்டவை கடையில் விற்கப்படும் மெத்தை நுரையும், ஓர் அச்சும், ஒரு சூளையும் மாத்திரமே. எனினும் இத்தகைய பொருள் இருத்தல் கூடும் எனக் கணிதம் கூறத் தொடங்கி அதற்குள் நூறாண்டுக்கு மேல் கழிந்துவிட்டது. இக்காலத்தாழ்வு எவ்வாறு நேர்ந்தது என்பதையும், அது நீங்கிய வகையையும், அவ்வாறு தோன்றிய பொருளின் ஆக்கத்தையும் நெருக்கலின் கீழ் அதன் நடத்தையையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வலைக்கண்ணும் விகிதமும்

ஒலுவில் கரையிற் கரைவலை இழுப்போர் நாள்தோறும் காணும் காட்சியொன்று இப்பொருளை விளங்கிக்கொள்ளத் துணைபுரியும். சாய்சதுரக் கண்களையுடைய வலையை நீளப்பாட்டில் இழுத்தால் அதன் அகலம் குறுகும்; கண்கள் ஒடுங்கும். நீளம் கூடுதலும் அகலம் குறைதலும் ஒன்றையொன்று தொடர்ந்து நிகழ்வன. இறப்பர் நாடாவை இழுப்பினும், களிமண் உருண்டையை அமுக்கினும் இதே தொடர்பைக் காணலாம். இழுத்த பொருள் மெலியும். அமுக்கிய பொருள் பக்கங்களிற் பிதுங்கும்.

இத்தொடர்பை எண்ணாற் குறிப்பதே புவாசோன் விகிதம் எனப்படுவது. குறுக்குத்திசையில் ஏற்படும் விகாரத்தை நெடுக்குத்திசையில் ஏற்படும் விகாரத்தாற் பிரித்து, குறியை மாற்றிக்கொண்டால் இவ்விகிதம் பெறப்படும். குறியை மாற்றும் வழக்கம் வசதி கருதி எழுந்ததாகும். இழுக்கும்போது மெலிதலே இயல்பாதலின், இயல்பான பொருள்களுக்கு நேரெண் கிடைக்கவேண்டுமென விரும்பி அவ்வாறு வகுத்தனர். உருக்குக்கு இவ்வெண் ஏறத்தாழ 0.3, கண்ணாடிக்கு 0.2 முதல் 0.25 வரை, இறப்பருக்கு 0.5இற்கு மிக அண்மையில்; போத்தல் அடைக்கும் தக்கைக்கு ஏறத்தாழச் சுழியம். தக்கையை அமுக்கும்போது அது பக்கங்களிற் பிதுங்குவதில்லை. அதனாலேயே போத்தலின் கழுத்தினுள் அதனை எளிதிற் செலுத்த முடிகிறது. இறப்பர் அடைப்பான் அவ்வாறு செல்லாது முரண்டுபிடிப்பது இவ்வெண்ணின் வேறுபாட்டாலேயே என்க.

நாலிலொன்று என்னும் நம்பிக்கை

இழுக்கப்படும் பொருள் குறுக்கே சுருங்கும் என்பதைத் தோமஸ் யங் 1807இல் வெளியான தமது விரிவுரைகளிற் குறிப்பிட்டிருந்தார். எனினும் அதற்கு ஒரு கோட்பாட்டு வடிவம் அளித்தவர் பிரெஞ்சுக் கணிதவியலாளர் சிமியோன் டெனி புவாசோன் (1781–1840) ஆவர். மீள்தன்மைக் கோட்பாட்டை 1821இல் நேவியே தொடக்கிவைத்தார். அவரைப் பின்பற்றிய புவாசோன், திண்மப் பொருளை நுண்துணிக்கைகளின் கூட்டமாகக் கருதி, ஒவ்வோரிணைத் துணிக்கைகளும் தம்மை இணைக்கும் கோட்டின் வழியே மாத்திரம் விசை செலுத்துகின்றன எனக் கொண்டார். அவ்வெடுகோளின்படி, எல்லாத் திசையிலும் ஒத்த இயல்புடைய பொருள் அனைத்துக்கும் இவ்விகிதம் நாலிலொன்றாகவே இருத்தல் வேண்டும் என்ற முடிபு கிடைத்தது. உருக்கோ, கண்ணாடியோ, மரப்பிசினோ, எதுவாயினும் எண் ஒன்றே என்பது அதன் பொருளாகும்.

இம்முடிபு எளிமையானது, அழகானது, ஆயினும் உண்மையோடு பொருந்தவில்லை. 1837இல் ஜோர்ஜ் கிறீன் சக்தி பற்றிய நியாயத்தின் அடிப்படையில் ஆராய்ந்து, இத்தகைய பொருளின் மீள்தன்மையைக் குறிக்க ஒன்றல்ல, இரண்டு மாறிலிகள் வேண்டும் என நிறுவினார். 1845இல் ஸ்ரோக்ஸ், இறப்பரும் கூழ்ப்பொருள்களும் புவாசோனின் எண்ணுக்கு அடங்கமாட்டா எனச் சுட்டிக்காட்டினார். 1848இல் வேர்தைம் கண்ணாடியிலும் பித்தளையிலும் செய்த அளவீடுகள் மூன்றிலொன்றை அண்மிய எண்ணைத் தந்தன. ஆயினும் பழைய கோட்பாட்டினர் உடனே விட்டுக்கொடுக்கவில்லை. இறப்பரும் தக்கையும் உண்மையான திண்மங்கள் அல்ல என்றும், அவை துளைகளும் நீர்மங்களும் விரவிய கலவைகள் ஆதலின் சான்றாகா என்றும் வாதிட்டனர். ஒரு மாறிலியா இரண்டா என்ற இவ்விவாதம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதிவரை நீடித்தது.

இவ்வாதத்தில் ஒரு நுட்பம் பொதிந்துள்ளது. தமது கோட்பாட்டுக்கு ஒவ்வாத பொருள்களை அன்னார் ஒதுக்கியமைக்குக் கூறிய காரணம், அவற்றினுள்ளே ஓர் அமைப்பு உளது என்பதே. கண்ணறைகளும் துளைகளும் உடைய பொருள் தூய பொருளன்று எனத் தள்ளப்பட்டது. பின்னாளிற் புதுமை பிறந்தது தள்ளப்பட்ட அவ்விடத்திலேயே என்பது ஈண்டு நினைவிற்கொள்ளத்தக்கது.

விதி அனுமதித்த வெற்றிடம்

இரு மாறிலிக் கோட்பாடு நிலைபெற்ற பின்னர், புவாசோன் விகிதத்துக்கு உரிய எல்லைகள் தெளிவாயின. ஒரு பொருள் உறுதியாக நிலைக்கவேண்டுமாயின், அதன் கனவளவை மாற்றுவதற்கும் அதன் வடிவத்தை மாற்றுவதற்கும் வேலை செய்யவேண்டியிருத்தல் வேண்டும். அஃதாவது பருமமட்டும் விறைப்புமட்டும் நேரெண்களாதல் வேண்டும். இந்நிபந்தனையிலிருந்து, எத்திசையிலும் ஒத்த பொருளின் புவாசோன் விகிதம் –1இற்கும் 0.5இற்கும் இடையில் எங்கும் அமையலாம் என்பது பெறப்படும். எனவே மறைப் பெறுமானங்களைத் தடுக்கும் இயற்கை விதி எதுவும் இல்லை. அனுமதிக்கப்பட்ட வீச்சின் நீளம் ஒன்றரை; அதில் ஓர் அலகு, அதாவது மூன்றில் இரண்டு பங்கு, சுழியத்துக்குக் கீழே கிடந்தது. அப்பெரும்பகுதி முற்றிலும் வெறுமையாகவே கருதப்பட்டு வந்தது.

ஓரிரு குறிப்புகள் இல்லாமலில்லை. ஜெர்மனியைச் சேர்ந்த வோல்டெமார் ஃபோக்ட் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப்பகுதியிற் பளிங்குகளின் மீள்தன்மையை நுணுக்கமாக அளந்தவர். அவருடைய அளவீடுகளின்படி இரும்புக்கந்தகப் பளிங்காகிய பைரைற்று ஏறத்தாழ ஏழிலொன்று அளவில் மறைக்குறியுடைய விகிதத்தைக் காட்டிற்று. 1892–1893இல் முதலில் வெளியான, மீள்தன்மை பற்றிய லவ் என்பாரின் புகழ்பெற்ற நூல்வழி இச்செய்தி பொறியியலாளரிடையே பரவிற்று. ஆயினும் அது பளிங்கின் இரட்டைப்பட்ட வளர்ச்சியால் நேர்ந்த ஒரு விநோதம் என்ற அளவிலேயே நின்றுவிட்டது. பிற்கால அளவீடுகள் அவ்வெண்ணை உறுதிசெய்யவுமில்லை.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் லண்டௌ, லிஃப்சிற்ஸ் ஆகிய சோவியத் பௌதிகவியலாளர் எழுதிய பாடநூல், மறைப் பெறுமானம் கோட்பாட்டளவில் இயலும் என்பதைக் கூறி, அத்தகைய பொருள் எதுவும் அறியப்படவில்லை என்பதையும் உடன் குறிப்பிட்டது. இக்கூற்று எழுதப்பட்ட காலத்தில் நேர்மையான கூற்றேயாகும். ஆனாற் பாடநூல்கள் வகுப்பறைக்குள் நுழையும்போது, ‘அறியப்படவில்லை’ என்பது ‘இல்லை’ என்றும், ‘இல்லை’ என்பது ‘இயலாது’ என்றும் சிறிது சிறிதாகத் திரிந்துவிடுதல் இயல்பு. சுழியம் முதல் அரைவரை என்னும் வீச்சைப் பல தலைமுறை மாணவர் பொருளின் இயல்பாகவே மனனஞ் செய்தனர். கண்டறியாமைக்கும் இயலாமைக்கும் இடையிலுள்ள வேறுபாடு இவ்வாறு மறக்கப்பட்டமையே நூற்றாண்டுக் காலத்தாழ்வின் தலையாய காரணம் எனலாம்.

பொருளா, அமைப்பா?

புவாசோன் விகிதம் எதனால் தீர்மானிக்கப்படுகிறது? ஆக்கப்பட்ட பொருளினாலா, அதன் உள்ளமைப்பினாலா? மருதமுனையில் நெய்யப்படும் கைத்தறிச் சேலையொன்றைக் கொண்டு இவ்வினாவை ஆராயலாம். பாவின் வழியே அல்லது ஊடையின் வழியே சேலையை இழுத்தால் அகலம் மிகச் சிறிதே குறையும். அதே சேலையைக் கோணலாக, மூலைவாட்டில் இழுத்தால் அகலம் பெரிதும் குறுகும். நூல் ஒன்றே, சாயம் ஒன்றே, தறியும் ஒன்றே. வேறுபட்டது இழைகளின் கிடக்கைக்கும் இழுக்கும் திசைக்கும் உள்ள தொடர்பு மாத்திரமே. எனவே இவ்வெண் இழையின் இயல்பன்று, பெரும்பாலும் அமைப்பின் இயல்பேயாகும்.

அமைப்புடைய பொருள்களைப் பற்றிய ஆராய்ச்சிக்குப் பழமையான மரபு உண்டு. 1665இல் றொபேட் ஹூக் நுணுக்குக்காட்டியின் கீழ்த் தக்கைத் துண்டொன்றை வைத்து, அதன் சிற்றறைகளைக் கண்டு, அவற்றுக்குக் கலம் என்று பொருள்படும் பெயரையும் இட்டார். 1887இற் கெல்வின் பிரபு, வெளியை மிகக் குறைந்த சுவர்ப்பரப்போடு ஒத்த அறைகளாகப் பகுப்பது எங்ஙனம் என ஆராய்ந்து, பதினான்கு முகங்களையுடைய கலவடிவம் ஒன்றை முன்வைத்தார். நுரையின் கலங்களைக் கணிதத்தில் உருவகிக்க அவ்வடிவமே பிற்காலத்திற் பெரிதும் பயன்பட்டது. 1937இல் ஜெர்மனியின் லெவர்கூசனில் ஒற்றோ பாயரும் குழுவினரும் பொலியூரத்தேனை ஆக்கினர். 1950களில் இப்பல்பகுதியத்தின் மென்னுரை சந்தைக்கு வந்து, மெத்தைகளிலும் இருக்கைகளிலும் உலகெங்கும் இடம்பிடித்தது.

இந்நிலையிற் கேம்பிரிட்ஜில் லோர்னா கிப்சன், மைக்கேல் அஷ்பி ஆகியோர் தம் குழுவினருடன் 1982இல் வெளியிட்ட ஆய்வு ஒரு முக்கிய படியாகும். தேனடை போன்ற அறுகோண வலையமைப்புகளின் பொறிமுறை நடத்தையை அவர்கள் கணித்ததோடு, இறப்பர்த்தன்மையுடைய மாதிரிகளிற் பரிசோதித்தும் பார்த்தனர். அறுகோணக் கண்ணொன்றின் வலப்புற மூலையும் இடப்புற மூலையும் வெளிநோக்கிப் புடைத்திருக்கும். மேலும் கீழும் பிடித்து இழுத்தால் அம்மூலைகள் உட்செல்லும். வலை அகலத்திற் குறுகும். இனி, அவ்விரு மூலைகளையும் தொடக்கத்திலேயே உள்நோக்கி மடித்துவிட்டால் கண் இடைசிறுத்த உடுக்கையின் வடிவம் பெறும். உடுக்கையை மேலும் கீழும் இழுக்கும்போது உட்குவிந்த இடை நிமிர்ந்து வெளியே வரும். அண்டைக் கண்களையும் வெளியே தள்ளும். எனவே வலை நீளத்திற் கூடுவதோடு அகலத்திலும் கூடும். மேலும் கீழும் அமுக்கினால் இடை மேலும் உட்குவிந்து, வலை இருதிசையிலும் சுருங்கும். இதுவே மறைப் புவாசோன் விகிதம். இதில் மாயம் எதுவுமில்லை, மூலைகளின் திசை மாற்றமே உண்டு.

1985இல் றொபேட் அல்ம்கிறென் என்பார், கோல்களும் பிணைச்சல்களும் வில்களும் கொண்டு, –1 என்ற எல்லைப் பெறுமானத்தையே அடையும் முப்பரிமாண அமைப்பொன்றைக் கோட்பாட்டளவில் வரைந்து காட்டினார். ஆயினும் இவையெல்லாம் தனித்தனியே கட்டப்பட வேண்டிய சட்டகங்களாகவே இருந்தன. கையில் எடுத்து வெட்டவும் அமுக்கவும் கூடிய பொருளாக எதுவும் அன்று கிடைக்கவில்லை.

1987: அச்சும் சூளையும்

அமெரிக்காவின் அயோவாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த றொடெறிக் லேக்ஸ் என்பின் பொறிமுறை இயல்புகளை ஆராய்ந்துவந்தவர். என்பும் நுண்ணமைப்புடைய பொருளே. அதன் நடத்தையைப் பழைய மீள்தன்மைக் கோட்பாடு முழுமையாக விளக்காமை அவருக்குப் பழக்கமான செய்தியாகும். 1987ஆம் ஆண்டு பெப்ரவரி 27ஆம் திகதி ‘சயன்ஸ்’ சஞ்சிகையில் அவர் வெளியிட்ட சிறு கட்டுரை, மறைப் புவாசோன் விகிதமுடைய நுரையொன்றை ஆக்கும் வழியை எடுத்துரைத்தது. அவ்வழி வியக்கத்தக்க எளிமை வாய்ந்தது.

திறந்த கலங்களையுடைய பொலியூரத்தேன் நுரைத்துண்டு ஒன்று எடுக்கப்படும். அதனிலும் சிறிய உலோக அச்சொன்றினுள், மூன்று திசைகளிலும் நெருங்குமாறு அது திணிக்கப்படும். பத்துச் சதமமீற்றர் பக்கமுடைய கனவடிவ நுரையை ஏழு சதமமீற்றர்ப் பக்கமுடைய அச்சினுள் அடக்கினால், 1,000 கனசதமமீற்றர் 343 ஆகக் குறையும். அஃதாவது கனவளவு ஏறத்தாழ மூன்றிலொன்றாகும். இந்நெருக்கலால் நுரையின் மெல்லிய கலவரிச்சுகள் வளைந்து, ஒவ்வொரு கலத்தின் உள்நோக்கியும் மடியும். பின்னர் அச்சைச் சூளையிலிட்டு, பல்பகுதியம் இளகும் வெப்பநிலைக்குச் சற்று மேலே, நுரையின் வகைக்கேற்ப ஏறத்தாழ 160 முதல் 200 பாகை செல்சியசு வரை சூடாக்குவர். வரிச்சுகளிற் சேர்ந்திருந்த தகைப்பு இளகித் தணியும். அச்சை நீக்காது குளிரவிடும்போது மடிந்த வடிவமே நிலைபெறும். முன்னர் வெளிநோக்கிப் புடைத்திருந்த கலம் இப்போது உள்நோக்கிக் குவிந்த கலமாகிவிடும். தேனடையில் மூலைகளை மடித்ததால் நிகழ்ந்த மாற்றமே ஈண்டு இலட்சக்கணக்கான கலங்களில் ஒரேநேரத்தில் நிகழ்கிறது.

இவ்வாறு ஆக்கப்பட்ட நுரையின் புவாசோன் விகிதம் –0.7 வரை சென்றது. பத்துச் சதமமீற்றர் நீளமும் அகலமும் உடைய துண்டை ஒரு மில்லிமீற்றர் இழுத்தால் அகலம் 0.7 மில்லிமீற்றர் கூடும் என்பது இதன் பொருளாகும். இந்நுரைக்குச் சிலர் ‘எதிர் இறப்பர்’ எனப் பெயரிட்டனர். அப்பெயர் பொருத்தமற்றதன்று. இறப்பரின் வடிவத்தை மாற்றுதல் எளிது, கனவளவை மாற்றுதல் மிக அரிது. இந்நுரையிலோ கனவளவை மாற்றுதல் எளிது, வடிவத்தை மாற்றுதல் அரிது. கணக்கிற் கூறின், 0.3 விகிதமுடைய பொருளின் விறைப்புமட்டு பருமமட்டில் அரைப்பங்கிலும் குறைவு; –0.7 விகிதமுடைய பொருளில் அது பருமமட்டின் 12 மடங்காகும். லேக்ஸ் குழுவினர் 1988இல் உலோக நுரைகளிலும் இதே மாற்றத்தை நிகழ்த்திக் காட்டினர். செம்பு நுரையைச் சூடாக்கத் தேவையில்லை. மூன்று திசைகளிலும் மாறிமாறிச் சிறிது சிறிதாக நசித்தாலே போதும். பொருள் வேறாயினும் அமைப்பு ஒன்றேயாயின் நடத்தையும் ஒன்றே என்பது இதனால் உறுதியாயிற்று.

நெருக்கலின் கீழ் நடத்தை

இந்நுரையின் சிறப்பு முழுவதும் வெளிப்படுவது அதனை நெருக்கும்போதேயாகும். வழமையான மென்னுரையை அமுக்கினால் அதன் நடத்தை மூன்று கட்டங்களாக அமையும். முதற்கட்டத்தில் வரிச்சுகள் சிறிது வளைய, தகைப்பு விகாரத்தோடு நேர்விகிதமாக உயரும். விகாரம் ஏறத்தாழ 5 சதவீதத்தை அடைந்ததும் வரிச்சுகள் திடீரென முறுகி மடியத் தொடங்கும். அதன்பின் தகைப்பு பெரிதும் கூடாமலே நுரை நெடுந்தூரம் அமுங்கும். இறுதியிற் கலச்சுவர்கள் ஒன்றோடொன்று முட்டி, நுரை அடர்ந்து, தகைப்பு விரைந்தேறும். மலிவான மெத்தையில் அமர்ந்தவுடன் ஓரிடத்தில் ‘பொத்’தென்று அமிழ்வது இவ்விரண்டாங் கட்டத்தின் விளைவேயாகும்.

மாற்றப்பட்ட நுரையில் வரிச்சுகள் முன்னரே மடிந்துள்ளன. ஆகையாற் புதிதாகத் திடீரென மடியவேண்டிய நிலை எழுவதில்லை. தட்டையான இரண்டாங் கட்டம் மறைந்துபோகத் தகைப்பு படிப்படியாக உயர்கிறது. அதுமட்டுமன்று, அமுக்கப்படும் இடத்தை நோக்கிச் சுற்றியுள்ள பகுதி உள்வாங்கப்படுகிறது. வழமையான நுரையிற் சுமையின் கீழிருந்து பொருள் பக்கங்களுக்கு விலகிச் செல்ல, இதிற் பக்கங்களிலிருந்து பொருள் சுமையின் கீழே திரள்கிறது. மீள்தன்மைக் கோட்பாட்டின்படி, யங்கின் மட்டு சமமாயிருக்கும் இரு பொருள்களிற் குழிவுக்கு எதிரான தடை, ஒன்றிலிருந்து விகிதத்தின் வர்க்கத்தைக் கழித்துவரும் எண்ணுக்கு எதிர்மாறாக அமையும். 0.3இற்கு அக்காரணி ஏறத்தாழ 1.1, –0.7இற்கு ஏறத்தாழ 2. எனவே இந்நுரை மென்மையாயிருந்தும் குழிதலை எதிர்க்க வல்லது. வளைக்கும்போதும் அது வேறுபடும். வழமையான தடித்த தகட்டை ஒருபுறமாக வளைத்தால் அது குறுக்கே எதிர்ப்புறம் வளைந்து குதிரைச்சேண வடிவம் பெறும். இந்நுரைத் தகடோ இருதிசையிலும் ஒரேபுறமாக வளைந்து குவிமாடம் போலாகும். உடலின் வளைவுகளோடு இயையும் இருக்கைகளுக்கும் காப்புப் பட்டைகளுக்கும் இதனை ஆராய்ந்தமைக்குக் காரணம் இதுவே.

எனினும் இந்நடத்தைக்கு வரம்பு உண்டு. மறைப் பெறுமானம் சிறு விகாரங்களிலேயே மிகுந்திருக்கும். நெருக்கல் மிகமிக, உட்குவிந்த வரிச்சுகள் ஒன்றையொன்று தொட்டுவிட, மேலும் உள்வாங்க இடமின்றி விகிதம் சுழியத்தை நோக்கி நகரும். இதனைக் கருதாது அந்நுரையின் பயன்களை மிகைப்படுத்திக் கூறுதல் பொருந்தாது.

பெயரும் பெருக்கமும்

1991இல் இங்கிலாந்தின் லிவர்ப்பூலில் ஆய்வு நடத்திய கென் எவன்சும் சகாக்களும் இத்தகைய பொருள்களுக்கு ‘ஓக்செற்றிக்’ என்ற பெயரைச் சூட்டினர். பெருகும் இயல்புடையது என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லின் அடியாக அது பிறந்தது. பெயர் பிறந்தபின் தேடலும் பெருகிற்று. 1989இலேயே எவன்சும் கடொக் என்பாரும் நுண்டுளைகள் நிறைந்த, இழுத்து விரித்த பொலிதெற்றாபுளோரோஎதிலீனில் –12 வரையான விகிதத்தைக் கண்டிருந்தனர். திசைக்குத் திசை இயல்பு வேறுபடும் பொருளாதலின் –1 என்ற எல்லை அதனைக் கட்டுப்படுத்தவில்லை. 1992இற் சிலிக்காவின் ஒரு பளிங்கு வடிவமாகிய கிறிஸ்டொபலைற்றில் மறைப் பெறுமானம் அளக்கப்பட்டது. 1998இல் வெளியான ஓர் ஆய்வு, கனவுருப் பளிங்கமைப்புடைய தனிம உலோகங்களில் 69 சதவீதமானவை ஒரு குறித்த மூலைவாட்டுத் திசையில் இழுக்கப்படும்போது மறைப் பெறுமானம் காட்டுகின்றன என்று தெரிவித்தது. ‘அறியப்படாத’ இயல்பு பொறியியலாளரின் பட்டறை உலோகங்களிலேயே எக்காலமும் இருந்துவந்தது என்பதே இதன் கருத்தாகும். தேடத் தொடங்கியபின் கண்ணிற்பட்டவை, தேடாதிருந்தபோதும் அங்கேயே இருந்தன.

நுரையின் ஆக்கமுறையும் இதற்கிடையிற் செப்பமுற்றது. நெருக்கல் குறைவாயின் வரிச்சுகள் போதிய அளவு மடியா. மிகுந்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். வெப்பம் குறைந்தால் நுரை பழைய பருமனுக்கு மீளும். கூடினால் கலங்கள் உருகி அழியும். பெருந்துண்டுகளைத் திணிக்கும்போது புறப்பரப்பில் மடிப்புகள் விழுதலும், நுரை வெப்பங்கடத்தாப் பொருளாதலின் நடுப்பகுதி சூடேறாது போதலும் பெருந்தடைகளாயின. 1997இற் சானும் எவன்சும் நெருக்கலைப் பல படிகளாகப் பிரித்து, இடையிடையே நுரையை வெளியே எடுத்து நீவி நிமிர்த்தி, மீண்டும் திணிக்கும் முறையை விளக்கினர். 2009இல் மால்ற்றாவைச் சேர்ந்த ஜோசப் கிறிமாவும் குழுவினரும் வெப்பத்துக்குப் பதிலாகக் கரைப்பானைக் கொண்டு நுரையை இளக்கினர். 2016இல் அழுத்தப்பட்ட காபனீரொட்சைட்டைக் கொண்டு அறைவெப்பநிலையிலேயே விரைந்து மாற்றும் முறை வெளியாயிற்று. ஆயினும் நெருக்கு, இளக்கு, இறுகவிடு என்ற 1987ஆம் ஆண்டின் மூன்று படிகளே இம்முறைகள் அனைத்துக்கும் அடிப்படையாக அமைந்துள்ளன.

இலங்கை நோக்கு

இவ்வரலாறு இலங்கைக்கு முற்றிலும் புறம்பானதன்று. 1876இல் ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து கொணர்ந்த இறப்பர் விதைகள் இலண்டன் கியூ பூங்காவில் முளைக்கவைக்கப்பட்டு, அவ்வாண்டே ஏறத்தாழ 1,900 நாற்றுகள் இலங்கைக்கு அனுப்பப்பட்டு, கம்பகாவின் ஹெனரத்கொடப் பூங்காவில் நடப்பட்டன. 1952இற் சீனாவுடன் செய்யப்பட்ட இறப்பர்–அரிசி ஒப்பந்தம், இப்பாற்பிசின் நாட்டின் உணவோடு பிணைந்திருந்தமையைக் காட்டும். 1929இல் டன்லொப் நிறுவனம் இறப்பர்ப் பாலை நுரைக்கச் செய்து, கூழாக இறுகவைத்து, கந்தகத்தால் வல்கனைசுப்படுத்தி மெத்தை நுரை ஆக்கும் முறையை வகுத்தது. அந்நுரைக்கு வேண்டிய பால் இத்தீவின் மரங்களிலும் சுரந்தது. அந்நுரையின் விஞ்ஞானமோ பெரும்பாலும் பிற நாடுகளிலேயே வளர்ந்தது.

வல்கனைசுப்படுத்திய இறப்பர் வெப்பத்தால் உருகி வேறு வடிவம் கொள்ளாது. எனவே லேக்சின் சூளைமுறை அதற்கு அப்படியே பொருந்தாது. ஆனால் இறப்பர்ப் பால் கூழாக இறுகிய நிலைக்கும் வல்கனைசாகும் நிலைக்கும் இடையே சிறிது அவகாசம் உண்டு. அவ்வேளையில் மூன்று திசைகளிலும் நெருக்கி, அந்நெருக்கலிலேயே வல்கனைசுப்படுத்தினால் மடிந்த கலங்கள் நிலைபெறுமா என்பது ஆராயத்தக்க வினாவாகும். அவ்வாறே கிழக்குக் கரையின் தென்னையிலிருந்து கிடைக்கும் தும்பும் கருதற்பாலது. சுருள்தும்பின் மீது இறப்பர்ப் பாலைத் தெளித்து அமுக்கி ஆக்கப்படும் மெத்தை, ஒழுங்கற்றுப் பின்னிய நாரமைப்பாகும். அமுக்கப்பட்ட நாரமைப்புகள் சில, தளத்தின் வழியே இழுக்கப்படும்போது தடிப்பிற் கூடுகின்றன. சிலவகைக் கடதாசிகளிலும் இவ்வியல்பு அளக்கப்பட்டுள்ளது. இவ்வினாக்களுக்கு விடைகாணப் பெருங்கூடங்கள் தேவையில்லை. ஓர் அச்சு, ஒரு சூளை, நிறைகளைத் தொங்கவிடும் சட்டகம், நுண்மையாக அளக்கும் இடுக்கிமானி ஆகியன போதும்.

1995இல் ஒரு பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1996இல் முழுப் பல்கலைக்கழகமாக உயர்ந்த தென்கிழக்குப் பல்கலைக்கழகம் போன்ற இளைய நிறுவனங்களுக்கு இவ்வரலாறு தரும் செய்தி இங்கேதான் உளது. வளம் குறைந்த இடத்தில் விஞ்ஞானம் வளராது என்ற முறைப்பாடு பலகாலம் கேட்கப்பட்டு வருவது. அதில் உண்மை இல்லாமலுமில்லை. ஆயின் மறைக்குறி நுரை காத்திருந்த நூறாண்டும் கருவிக்காகக் காத்திருக்கவில்லை. சூளை இருந்தது, அச்சு இருந்தது, 1950களின் பின்னர் நுரையும் கடைதோறும் இருந்தது. பாடநூலின் ஒரு வரியை மீண்டும் படித்து, அது இயற்கையின் விதியைக் கூறுகிறதா, அன்றி அதுவரை கண்டறியப்பட்டவற்றின் எல்லையை மாத்திரம் கூறுகிறதா எனக் கேட்கும் மனமே இல்லாதிருந்தது. அவ்விரண்டையும் பிரித்தறியப் பயிற்றுவித்தல் எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் இயலும். அதற்கு ஆகும் செலவு சிறிது. அதனைச் செய்யாது விடுவதால் நேரும் இழப்புப் பெரிது என்பதற்கு இந்நுரையின் வரலாறே போதிய சான்றாகும்.